கரி குறையவில்லை, நம்ம கணக்குதான் குறையுது

நிலக்கரியின் காலம் முடிந்துவிட்டது என்று இப்போது இரண்டு கூட்டங்களில் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு கூட்டத்தில் அதைச் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். புகை போகும், பூமி பிழைக்கும் என்கிறார்கள். இன்னொரு கூட்டத்தில் துக்கமாகச் சொல்கிறார்கள். பொதுத்துறை போச்சு, கனரகத் தொழில் போச்சு, நேரு கட்டிய கோயிலெல்லாம் இடியுது என்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்தவன் நான். இரண்டிலும் சேரி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024-25இல் இந்தியாவில் வெட்டிய நிலக்கரி நூறு கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இதுவரை இந்த நாடு இவ்வளவு கரி வெட்டியதே கிடையாது. அப்படியானால் நலிந்தது எது? 1970களின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கி, பிறகு உருவாக்கிய கோல் இந்தியா நிறுவனத்தில் 1990களின் தொடக்கத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் நிரந்தரத் தொழிலாளிகள் இருந்தார்கள். இன்று இரண்டரை லட்சத்துக்கும் கீழே. கரி மேலே ஏறுது, ஆளு கீழே இறங்குது. மீதி வேலையை யார் செய்கிறான்? மண்ணள்ளும் காண்ட்ராக்டரிடம் கூலிக்கு நிற்கிறானே, அவன் செய்கிறான். 2020லிருந்து தனியார் வெட்டி விற்கவும் சுரங்கங்களை ஏலம் விட ஆரம்பித்துவிட்டார்கள். கரி இருக்கிறது, குழி இருக்கிறது, லாபமும் இருக்கிறது. இனச்சுழற்சிப் பட்டியலோடு வந்த அரசாங்க வேலை மட்டும்தான் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு ஏன்யா கரிக் கவலை என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். செஞ்சியில் ஒரு புகைபோக்கி கிடையாது. கோட்டை இருக்கிறது, மல்லாட்டை மூட்டை வந்து இறங்கும் கமிட்டி இருக்கிறது, சுற்றி மலைகளைத் தின்னும் கல்குவாரியும் கிரஷரும் இருக்கின்றன. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் விடுவதாக அடிக்கல் நாட்டிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. தண்டவாளத்தைத்தான் காணோம். இந்தமாதிரி ஊரில் சேரிப் பையன் ஒருத்தன் படித்துவிட்டு, பண்ணை வேலைக்குப் போகாமல், எவன் வாசலிலும் நிற்காமல் சம்பளம் வாங்க இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று வாத்தியார், போலீஸ் என்று அரசுத் துறை. இன்னொன்று நெய்வேலி. 1993 வரைக்கும் நெய்வேலியும் செஞ்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். எங்கள் பக்கத்துச் சேரிகளில் 'நெய்வேலிக்காரர் வூடு' என்று அடையாளம் சொன்னால் அது ஓட்டு வீடாக, பிறகு மாடி வீடாக இருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் காலேஜ் வரைக்கும் போயிருப்பார்கள்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக் கழகத்தை 1956 நவம்பரில் பதிவு செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியில் கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் ஓட ஆரம்பித்து, பின்னால் 600 மெகாவாட்டாக வளர்ந்தது. மண்ணை வாரிக் கொட்டிய ராட்சசச் சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. யூரியா ஆலை வந்தது. லிக்னைட்டைச் சுட்டு 'லெகோ' என்ற அடுப்புக்கரி செய்யும் ஆலை வந்தது. அந்த இரண்டு ஆலைகளும் மூடி வெகுகாலம் ஆகிறது. முதல் அனல்மின் நிலையத்தை 2020 செப்டம்பரோடு நிறுத்தினார்கள். ஆனால் கழகம் சுருங்கவில்லை. 1990களில் இரண்டு நிலையங்களும் சேர்ந்து 2,070 மெகாவாட். இன்று துணை நிறுவனங்களையும் சேர்த்தால் 6,000 மெகாவாட்டுக்கு மேல். ஒடிசாவில் தலபிராவில் நிலக்கரி வெட்டுகிறார்கள், உத்தரப் பிரதேசத்தில் மின்நிலையம், பல இடங்களில் சூரிய மின்சாரம். 2016இல் பெயரையும் என்.எல்.சி. இந்தியா என்று மாற்றிக்கொண்டார்கள். மின்சாரம் மூன்று மடங்கு. நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கையோ இருபதாயிரத்தை ஒட்டி இருந்தது பாதியாகிவிட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளிகள் அதே கொதிகலன் பக்கத்தில், அதே பெல்ட் பக்கத்தில் நிற்கிறார்கள்.

2020 ஜூலை முதல் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது நினைவிருக்கும். அன்றைக்கே ஆறு பேர் செத்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளிகள். பிறகு ஆஸ்பத்திரியில் இன்னும் பலர். அதற்கு இரண்டு மாதம் முன்னால் மே மாதத்திலும் அதே நிலையத்தில் விபத்து, சாவு. நிரந்தர வேலையில் இருப்பவன் சாகவே மாட்டான் என்று சொல்ல வரவில்லை. எந்த வேலைக்கு எந்த ஆளை விடுகிறார்கள் என்பதைப் பாருங்கள் என்கிறேன்.

இதில் இடஒதுக்கீடு எங்கே அடிபடுகிறது? இடஒதுக்கீட்டை எவனும் ரத்து செய்யவில்லை. மத்தியப் பொதுத்துறையின் அகில இந்திய நேரடி நியமனத்தில் பட்டியல் சாதிக்கு 15 சதவீதம், பழங்குடிக்கு 7.5 சதவீதம், இன்றும் அப்படியே காகிதத்தில் இருக்கிறது. அது யாருக்குப் பொருந்தும்? நிறுவனம் நேரடியாக எடுக்கும் ஆளுக்கு. காண்ட்ராக்டர் எடுக்கும் ஆளுக்குப் பொருந்தாது. சட்டியில் கை வைக்காமல் சோற்றை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தால் பதினைந்து சதவீதம் என்பது எத்தனை பருக்கை? மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 2013இல் 17.3 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள். 2022இல் அது 14.6 லட்சம். அந்த மிச்சத்திலும் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் ஒப்பந்தம், தற்காலிகம். மண்டல் பரிந்துரையை எதிர்த்துத் தெருவில் தீக்குளித்தவர்களுக்கு இந்த வழி தெரியாமல் போயிற்று. 1990இல் தெருவில் எரிந்தது. 1991 ஜூலையில் புதிய தொழிற்கொள்கை சத்தமில்லாமல் வந்தது. இரண்டுக்கும் இடையில் ஓர் ஆண்டுகூட இல்லை என்பதை நம் மாணவத் தோழர்கள் ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

நீதிமன்றத்தில் ஒரு கதவு திறந்தது. 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே. ராமசாமி இருந்த அமர்வு, நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்துவிட்டால் அந்தத் தொழிலாளி தானாகவே முதன்மை நிறுவனத்தின் தொழிலாளி ஆகிவிடுவான் என்று தீர்ப்பளித்தது. அவர் நம் மக்களிலிருந்து போன நீதிபதி. ஐந்தே ஆண்டு. 2001 ஆகஸ்டில் 'செயில்' இரும்பு உருக்கு நிறுவனத்தின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, அப்படித் தானாக எதுவும் ஆகாது என்று அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டார்கள். இரும்பாலை வழக்கு என்று நாம் படிக்காமல் விட்டுவிட்டோம். சேரியிலிருந்து பொதுத்துறைக்குப் போகும் பாதையில் போட்ட முள்வேலி அது.

அதே 2001இல்தான் கோலார் தங்கவயலையும் மூடினார்கள். பிப்ரவரி 28. இதைத் தங்கச் சுரங்கம், கரியோடு என்ன சம்பந்தம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு சுரங்கத்தை இந்த நாடு எப்படி மூடும் என்பதற்கு நமக்குத் தெரிந்த முழு உதாரணம் அதுதான்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே குழி தோண்ட ஆரம்பித்தபோது இறங்க யாரும் வரவில்லை. இறங்கியது வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துப் பறையர்கள். பஞ்சமும் பண்ணையாள் வாழ்க்கையும் துரத்த, நடந்தே போனவர்கள். சாம்பியன் ரீஃப் குழி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று. பாறை வெடித்துச் செத்தவன், கல்தூசி நெஞ்சில் இறுகிச் செத்தவன் கணக்கு தனி. அங்கேயும் சாதி இருந்தது. மேலே வெள்ளைக்காரன், நடுவில் ஆங்கிலோ இந்தியன், காவலுக்குப் பஞ்சாபி, ஆபீசில் மேல்சாதி, குழிக்குள் நாம். சுரங்கத்தைச் சொர்க்கம் என்று நான் எழுதவில்லை.

ஆனால் அந்த நரகத்துக்குப் போனவன் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை? மரக்கால் நெல்லுக்குக் கைநீட்டும் இடத்தில், தேதி போட்டுக் கையில் காசு கொடுத்தார்கள். செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தால் எவனும் கேட்கவில்லை. அந்தக் காசில் அவன் என்ன செய்தான் என்பதைத்தான் நம் வரலாற்றில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை கட்டினான். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு நின்றுபோன 'தமிழன்' இதழை 1926இல் ஜி. அப்பாத்துரையார் தங்கவயலிலிருந்துதான் மறுபடி நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்துதான் அச்சிட்டது. பண்டிதரை மறுபடி கண்டெடுத்ததாக 1990களில் நாம் மார்தட்டினோமே, நாம் கண்டெடுக்கும்படி அந்தப் பக்கங்களைக் காப்பாற்றி வைத்தது குழியில் இறங்கியவன் கூலி. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து இருபத்தொரு நாள் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தவர்கள் அவர்கள். குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகத்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர்களும் அவர்களே. தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் அந்தக் காலத்தில் இது நடக்கும்?

இந்த இடத்தில் அம்பேத்கரைச் சொல்லாமல் போக முடியாது. 1918லேயே, சின்னச் சின்னத் துண்டு நிலங்களைப் பற்றிய கட்டுரையில், இந்திய விவசாயத்தின் நோய்க்கு மருந்து தொழில்மயமாவதில் இருக்கிறது என்று எழுதியவர் அவர். 1943 டிசம்பரில் வைசிராய் குழுவின் தொழிலாளர் உறுப்பினராகத் தன்பாத் போய், சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். அடுத்த ஆண்டே நிலக்கரித் தொழிலாளர் நல நிதிக்குச் சட்டம் வந்தது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அடிப்படைத் தொழில்கள் அரசின் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டார். கிராமத்தை அவர் வெறுத்ததையும் தொழிற்சாலையை விரும்பியதையும் தனித்தனியாகப் படிக்கிறார்கள். அவருக்கு அது ஒரே விஷயம். சேரிக்காரன் ஊரைவிட்டு வெளியேற ஒரு வாசல் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாசலைக் கோலாரில் மூடியபோது என்ன நடந்தது? நிலுவைத் தொகைக்காக வழக்கு, குடியிருக்கும் லைன் வீட்டுக்காகப் போராட்டம். விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய் ராத்திரி திரும்பும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள். பக்கத்தில் காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து விழும் சயனைடு மண்மேடு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஒப்புதல் கொடுத்தது. பதின்மூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கர். கழிவு மண்ணுக்கு இருபத்து மூன்று வருஷம் கழித்தும் விலை இருக்கிறது. மனுசனுக்குத்தான் இல்லை.

வேறு மாதிரியும் மூட முடியும். ஜெர்மனியில் ரூர் பகுதியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் மூடினார்கள். பல ஆண்டுக்கு முன்பே தேதி சொல்லி, பென்ஷனுக்கும் வேறு வேலைக்கும் வழி செய்து, ஒருவனையும் தெருவில் விடாமல் மூடுவது என்று ஒப்பந்தம் போட்டு மூடினார்கள். பழுப்பு நிலக்கரி மாவட்டங்களுக்கு 2038 வரைக்கும் 4,000 கோடி யூரோ ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1984-85இல் தாட்சர் ஓராண்டு வேலைநிறுத்தத்தை நசுக்கிவிட்டு மூடினார். அந்தக் கிராமங்கள் நாற்பது வருஷமாகியும் எழவில்லை. இதில் நம் ஆட்சியாளர்களுக்குப் பிடித்த வழி எது என்று சொல்லவேண்டியதில்லை. ஒன்று மட்டும். வேலை போன வெள்ளைக்காரத் தொழிலாளி ஏழையாகத் திரும்பினான். வேலை போன நம் ஆள் திரும்புகிற இடம் காலனி. அவனுக்காக அங்கே ஏழ்மையோடு ஊர்த்தெருவும் காத்திருக்கிறது.

சுற்றுச்சூழல் தோழர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல்லை எந்திரம் விட்டு அழித்தபோது கொதித்தவர்களில் நானும் ஒருவன். நிலத்தடி நீர் போகிறது, சாம்பல் படிகிறது, எல்லாம் உண்மை. ஆனால் அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்ட பெண்ணின் கணக்கை யார் எடுத்தார்கள்? பட்டாதாரருக்கு இழப்பீடு எத்தனை லட்சம், வீட்டுக்கு ஒரு வேலை உண்டா இல்லையா என்பதுதான் அறுபது வருஷமாகப் பேச்சு. பட்டாவே இல்லாதவன் எதை இழந்தான் என்று நிரூபிப்பான்? நிலமெடுப்பில் நிலமில்லாதவன் என்றும், ஆட்குறைப்பில் நிரந்தரமில்லாதவன் என்றும் இரண்டு தடவை அவனைக் கணக்கிலிருந்து விடுகிறார்கள்.

சரி, கரி போய்ச் சூரிய மின்சாரம் வரட்டும். வரட்டுமே. அந்தக் கம்பெனியில் எனக்கு எத்தனை இடம்? அரசு வங்கிக் கடன், அரசு கட்டின மின்பாதை, அரசே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தம், இத்தனையும் வாங்கிக்கொண்டு தனியார் என்ற பெயரில் இனச்சுழற்சி கிடையாது என்கிறார்கள். 2002 போபால் பிரகடனத்தில் தனியார் துறை இடஒதுக்கீட்டைக் கேட்டோம். 2004இல் மன்மோகன் சிங் அரசின் குறைந்தபட்சப் பொதுத்திட்டத்தில் அதைப் பரிசீலிப்பதாக எழுதினார்கள். முதலாளிகள் சங்கங்கள் நாங்களே மனமுவந்து செய்கிறோம் என்றார்கள். அந்த மனம் இன்னும் உவந்தபாடில்லை. பேனலைத் துடைக்கவும் வேலியைக் காவல் காக்கவும் நம் பையன்களைத்தான் எடுப்பார்கள், அதுவும் காண்ட்ராக்டரிடமிருந்து.

பொதுத்துறையைக் காப்போம் என்று கொடி பிடிக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 2006இல் நெய்வேலிப் பங்கை விற்கப் பார்த்தபோது எதிர்ப்பு வந்து நின்றது. 2013இல் மறுபடி விற்க வந்தபோது ஒரு பகுதியைத் தமிழக அரசு நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. நல்லது. சேலம் இரும்பாலையை 2019இல் விற்பனைக்கு வைத்தபோதும் போராடினார்கள், கூட நின்றோம். பங்கு ஐந்து சதவீதம் வெளியே போகும்போது பந்தல் போடுகிறீர்கள். வேலையில் பாதி காண்ட்ராக்டரிடம் போனபோது பந்தல் எங்கே? ஒப்பந்தத் தொழிலாளிகள் 2012இல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது எத்தனை நிரந்தரத் தொழிலாளி ஒரு நாளாவது எந்திரத்தை நிறுத்தினான்? வர்க்கம் வர்க்கம் என்கிறோம். குவார்ட்டர்ஸில் இருப்பவன் ஒரு வர்க்கம், வெளியே ஓலைக்கொட்டகையிலிருந்து சைக்கிளில் வருபவன் இன்னொன்று என்றால், சாதி எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரிகிறதல்லவா?

செஞ்சிக்கு என்ன மிச்சம் என்று பார்க்கிறேன். 2025 ஜூலையில் மராத்தியர் ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சிக் கோட்டையையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இனிமேல் டூரிஸ்ட் வருவான், தொழில் வளரும் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும், இளநீர் விற்கலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி என்று ராஜா பெயரும் சாமி பெயரும் உள்ள மலைகளுக்குப் பக்கத்திலேயே சக்கிலிதுர்க்கம் என்றும் ஒரு குன்று இருக்கிறது, அதைப் பற்றி எந்த வழிகாட்டியும் வாயைத் திறப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். கோட்டைக்கு டிக்கெட் கிழிப்பதில் எத்தனை சேரி பிழைக்கும்? எங்கள் பிள்ளைகள் இப்போது போவது கிரஷருக்கு, செங்கல் சூளைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, செய்யாறு சிப்காட்டுக்குக் கம்பெனி வேனில், இல்லாவிட்டால் இதே செஞ்சி வழியாகப் போகும் பெங்களூர் பஸ்ஸில் சென்ட்ரிங் வேலைக்கு. அந்த பஸ் போகும் திசையில்தான் நூறு வருஷத்துக்கு முன்னால் கோலாருக்கு நடந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு சங்கமும் ஓர் அச்சகமும் கட்ட முடிந்தது. சென்ட்ரிங் பலகை மேல் எதைக் கட்டுவது?

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து நெய்வேலிக்கு எழுதுங்கள். 1991லிருந்து ஆண்டுவாரியாக நேரடி நியமனம் எத்தனை, அதில் பட்டியல் சாதி எத்தனை என்று கேளுங்கள். இன்றைய ஒப்பந்தத் தொழிலாளிகளில் பட்டியல் சாதி எத்தனை என்றும் கேளுங்கள். எங்களிடம் அந்த விவரம் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சூரிய மின்நிலையங்களில் எத்தனை பேர் நிறுவனத்தின் ஆள், எத்தனை பேர் காண்ட்ராக்டர் ஆள் என்றும் சேர்த்துக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு. வந்த பதில்களை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பினால் மாவட்டவாரியாகத் தொகுத்து அடுத்தடுத்த இதழ்களில் போடலாம் என்று ஆசிரியர் குழுவிடம் சொல்லியிருக்கிறேன்.